பந்தைப் பிடித்தவரைத் தெரியும். பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரைத் தெரியுமா?

2007-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ந் தேதி.

தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரம். 20 ஓவர் உலகக் கோப்பை கிரிக்கெட்டின் இறுதிப் பந்தயம். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின.

கடைசி ஓவர். பாகிஸ்தானுக்கு இன்னும் 4 பந்துகள் பாக்கி. எடுக்க வேண்டியது 6 ஓட்டங்கள். கையில் ஒரே ஒரு விக்கெட். ஜோகிந்தர் சர்மா பந்து வீசினார். மிஸ்பா அதை விக்கெட் காப்பாளரின் பின்பக்கமாகத் தூக்கி அடித்தார். பந்து உயரே போயிற்று. கோடிக்கணக்கான பேர் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்தார்கள்.

கீழே ஸ்ரீசாந்த் நின்றார். பந்து அவர் கைக்குள் வந்து அடங்கியது. கோப்பை இந்தியாவுக்கு வந்தது!

அன்று இந்தியாவெங்கும் வெடி வெடித்தார்கள். இனிப்பு வழங்கினார்கள். கேப்டன் தோனியின் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. பந்து வீசியவர் பெயர் தெரிந்தது. பிடித்தவர் பெயர் தெரிந்தது.

அந்த அணிக்குப் பந்தைப் பிடிக்கவும் தடுக்கவும் பயிற்சி கொடுத்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் ராபின் சிங். தமிழ்நாட்டுக்காக ஆடியவர். சென்னைக்காரர் என்றே சொல்லலாம்.

கடல் கடந்து வந்தவர்

ராபின் சிங் பிறந்தது சென்னையில் அல்ல. மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில், 1963-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய முன்னோர்கள் இந்தியர்கள்.

1980-களில் அவர் சென்னைக்கு வந்தார். எதற்காக? படிப்பதற்காக. சென்னைப் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் படித்தார். படித்துக் கொண்டே கிரிக்கெட்டும் ஆடினார். தமிழ்நாடு அணியில் இடம் கிடைத்தது. 1987-88ல் தமிழ்நாடு ரஞ்சி கோப்பையை வென்றது. அந்த அணியில் அவரும் ஒருவர்.

1989-ம் ஆண்டு இந்திய அணியில் சேர்ந்தார். அதற்காகப் பிறந்த நாட்டின் குடியுரிமையை விட்டு, இந்தியக் குடிமகன் ஆனார். முதல் பந்தயம் எங்கே நடந்தது தெரியுமா? அவர் பிறந்த டிரினிடாடிலேயே நடந்தது! பிறந்த மண்ணில், பிறந்த மண்ணுக்கு எதிராக ஆடினார்.

ஆனால் 2 பந்தயங்களோடு அவரை ஒதுக்கி விட்டார்கள். அடுத்த வாய்ப்பு எப்போது வந்தது? 1996-ல். ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். இன்னொருவராக இருந்தால் மட்டையைப் பரண் மேல் போட்டு விட்டு வேறு வேலை பார்த்திருப்பார். அவர் உள்ளூர்ப் பந்தயங்களில் ஓடிக் கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபோது அவருக்கு வயது 33. அந்த வயதில் பலர் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிப்பார்கள். ராபின் சிங்கோ அதன் பிறகு 5 ஆண்டுகள் ஆடினார். மொத்தம் 136 ஒரு நாள் பந்தயங்கள். 1998 ஜனவரியில் டாக்கா இறுதிப் பந்தயத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 82 ஓட்டங்கள் எடுத்தார். 315 ஓட்டங்கள் என்ற பெரிய இலக்கை இந்தியா அன்று எட்டியது.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மட்டையும் பந்தும் மட்டுமல்ல. அவருடைய ஓட்டமும் கைகளும்தான். பந்து போகும் இடத்துக்குப் பாய்வார். தரையில் விழுந்து தடுப்பார். அந்த நாளில் இந்திய ஆட்டக்காரர்களில் இப்படிப் பாய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மைதானத்தின் ஓரத்தில்

ஆடி முடித்த பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார். ஹாங்காங் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். அந்தச் சின்ன அணி 2004-ல் ஆசியக் கோப்பையில் ஆடியது. 2007-ல் இந்திய அணிக்குப் "பீல்டிங்" பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அதாவது, மட்டை பிடிக்கக் கற்றுக் கொடுப்பது அவர் வேலை அல்ல. பந்து வீசச் சொல்லிக் கொடுப்பதும் அல்ல. பந்தைத் தடுப்பது, பிடிப்பது, எறிவது. இந்த மூன்றுதான் அவர் வேலை.

அதே ஆண்டில்தான் ஜோகன்னஸ்பர்க் வெற்றி வந்தது. 2 ஆண்டுகள் கழித்து, 2009 அக்டோபரில், அவரை அந்த வேலையில் இருந்து நீக்கினார்கள்.

அதற்கு முந்திய 2008-ல் ஐ.பி.எல். பந்தயங்களின் முதல் ஆண்டில் அவர் ஐதராபாத் டெக்கான் சார்ஜர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 8 அணிகளில் அந்த அணி கடைசி இடம்! பிறகு மும்பை இந்தியன்ஸ் அணிக்குப் போனார். அந்த அணி 2013, 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்றபோது பயிற்சிக் குழுவில் அவர் இருந்தார்.

கடைசி இடம், கோப்பை, நீக்கம், மறுபடியும் கோப்பை. இதுதான் பயிற்சியாளரின் வாழ்க்கை. நன்றாக ஆடினால் ஆட்டக்காரருக்கு மாலை. தோற்றுப் போனால் பயிற்சியாளருக்கு வெளியே போக வழி!

பிடிப்பதற்கும் ஒரு பள்ளிக்கூடமா?

"பந்தைப் பிடிக்க ஒரு வாத்தியாரா? கையை நீட்டினால் வந்து விழாதா?" என்று சிலர் கேட்கலாம்.

விழாது. கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். உள்ளே தக்கையும் நூலும் வைத்து இறுக்கி, மேலே தோலால் மூடித் தைத்திருப்பார்கள். படிகாரத்தில் பதனிட்ட மாட்டுத் தோல் அது. வேகமாக வந்தால் கல்லுக்குச் சமம்.

வீடு கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். கீழே இருந்து ஒருவர் செங்கல்லை வீசுவார். மேலே சாரத்தில் நிற்கும் சித்தாள் அதைப் பிடிப்பார். கையை விறைப்பாக வைத்துக் கொண்டு பிடிப்பாரா? மாட்டார். செங்கல் வரும்போதே கையையும் அதனோடு பின்னுக்கு இழுத்து வாங்குவார். அப்போது அடி கைக்குத் தெரியாது. கல்லும் தெறித்து விழாது.

பந்து பிடிப்பதிலும் இதே சூட்சுமம்தான். பந்தின் வேகத்தை ஒரே நொடியில் நிறுத்தப் பார்த்தால் கை வலிக்கும். பந்து துள்ளி ஓடும். கொஞ்சம் பின்வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினால் பந்து கையிலே உட்காரும். கடைசி வரை பந்தின் மேலேயே கண் இருக்க வேண்டும். ஓடிப் போய் அதன் அடியில் நிற்க வேண்டும். கால்கள் முதலில், கைகள் பிறகு.

கேட்பதற்கு 5 நிமிடம். கைக்கு வருவதற்கு ஆயிரக்கணக்கான தடவைகள் பிடிக்க வேண்டும். அந்த ஆயிரம் தடவையும் எதிரே நின்று பந்தை அடித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். தவறினால் திட்டாமல், ஏன் தவறியது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் பயிற்சியாளர்.

அமெரிக்கக் கல்லூரிகளில்

அமெரிக்காவில் ஒரு வகைப் பந்தாட்டம் உண்டு. பெயர் "புட்பால்" என்றாலும் அது நம் ஊர் கால்பந்து அல்ல. அங்கே பந்து உருண்டை இல்லை. மாங்காய் போல் நீண்டிருக்கும். அதற்குப் "பன்றித் தோல்" என்று செல்லப் பெயர் உண்டு. உண்மையில் மாட்டுத் தோலில்தான் தைக்கிறார்கள்!

அணிக்கு 11 பேர். ஒருவர் பந்தைத் தூர வீசுவார். இன்னொருவர் எதிரிகளை ஏமாற்றி ஓடி, ஓட்டத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும். இப்படி முன்னால் வீசுவதற்கு 1906-ம் ஆண்டில்தான் அங்கே விதி அனுமதி தந்தது. அதன் பிறகு "பிடிக்கிறவர்" என்பது ஒரு தனி வேலை ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அங்கே பெரிய கல்லூரிகளில், பந்தைப் பிடிக்க ஓடும் அந்த மாணவர்களுக்கு மட்டும் ஒரு தனிப் பயிற்சியாளர் இருக்கிறார். வீசுகிறவருக்கு வேறொருவர். தடுக்கிறவருக்கு வேறொருவர். எல்லோருக்கும் மேலே ஒரு தலைமைப் பயிற்சியாளர்.

அவர்களுடைய வாழ்க்கையும் மலர்ப் படுக்கை அல்ல. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் பெரும்பாலும் துணைப் பயிற்சியாளர்களும் மூட்டை கட்ட வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு ஊர், வேறு கல்லூரி என்று அலைய வேண்டும். ஆனாலும் ஒரு விஷயத்தை அந்த நாடு ஒப்புக் கொண்டிருக்கிறது. கற்றுக் கொடுப்பது ஒரு தொழில். அதற்குச் சம்பளம் உண்டு. அதற்கு மரியாதை உண்டு.

தோல் ஊருக்குத் தெரியாததா?

இந்த உண்மையை ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் அது பழைய கதை.

விடியற்காலையில் கம்பெனி பஸ் வருகிறது. சாப்பாட்டுப் பையோடு பெண்கள் ஏறிப் போகிறார்கள். இங்கே தைத்த ஷூக்கள் கப்பல் ஏறி வெளிநாடு போகின்றன. புதிதாக வேலைக்கு வந்த பெண்ணை முதல் நாளே தனியாகத் தையல் மெஷினில் உட்கார வைப்பார்களா? மாட்டார்கள். கை தேர்ந்த ஓர் அக்காள் பக்கத்தில் இருப்பார். "ஓரத்தைப் பார்த்துப் போ, அவசரப்படாதே" என்று சொல்வார். தோலை வெட்டுகிற இடத்திலும் அப்படித்தான். எந்தப் பக்கம் இழுத்தால் தோல் நீளும், எந்த இடத்தில் தழும்பு இருக்கிறது என்று விரலால் தடவிக் காட்ட ஒரு பெரியவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் நல்ல தோலும் குப்பைக்குப் போகும்.

தோலுக்கு ஆசான் வேண்டும் என்று தெரிந்த ஊர், பிள்ளைகளின் கை கால்களுக்கு ஆசான் வேண்டாம் என்று இருக்கலாமா?

மாலையில் பாலாற்றுப் பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீர் இல்லாத மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். வேகம் இருக்கிறது. தைரியம் இருக்கிறது. ஆனால் "காலை இப்படி வை" என்று சொல்ல ஒருவர் இல்லை. பெண் பிள்ளைகளுக்கோ அந்த மணலில்கூட இடம் இல்லை.

இந்த மண்ணில் திறமை இல்லையா? வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தைக் கேளுங்கள். 2014-ல் கிளாஸ்கோவில் காமன்வெல்த் விளையாட்டுகளில் 328 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் வாங்கினார். 2018-ல் ஆஸ்திரேலியாவில் மறுபடியும் தங்கம்! அவருடைய தகப்பனாரும் பளு தூக்கும் வீரர். வீட்டிலேயே ஓர் ஆசான் இருந்தார், பிள்ளை உயர்ந்தார். வீட்டில் ஆசான் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குப் பள்ளியும் கல்லூரியும்தானே வீடு!

நூறு ஆண்டுக்கு முன்பே

இது புதிய யோசனையும் அல்ல. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டு ஆசிரியர்களை உண்டாக்குவதற்கென்றே ஒரு கல்லூரி! அது இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. 1961-ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் வந்தது. அங்கே பயிற்சியாளர் ஆவதற்குப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

வேலூர் ஊரீசுக் கல்லூரி 1898-ல் தோன்றியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் தோன்றியது. நூற்றாண்டு கண்ட கல்லூரிகள் உள்ள வட்டாரம் இது. கல்விக்காகத் தோல் வியாபாரிகள் அள்ளிக் கொடுத்த வட்டாரம். அந்தக் கை விளையாட்டுக்கும் நீள வேண்டும்.

ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்கள் ஐதராபாத் சையது அப்துல் ரகீமை நினைத்துக் கொள்ளட்டும். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 1951-ல் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962-ல் ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம். அந்த இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அப்போது ரகீமைப் புற்றுநோய் அரித்துக் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவர் இறந்தார். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கவே இல்லை.

ஓர் ஆசான் போனால் எவ்வளவு போகிறது, பார்த்தீர்களா?

தாய் கேட்கும் கேள்வி

ஆம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். தகப்பன் தோல் பதனிடும் வேலை. தாய் ஷூ கம்பெனியில் வேலை. மகன் கல்லூரியில் படிக்கிறான்.

"நைனா, நான் விளையாட்டுப் பயிற்சியாளர் ஆகப் போறேன்" என்கிறான் மகன்.

தகப்பன் பேசவில்லை. தாய் கேட்கிறாள்: "ஏம்ப்பா, அதுல மாசம் பொறந்தா சம்பளம் வருமா?"

அந்தத் தாய் கேட்டது தப்பா? தப்பே இல்லை. வாடகை கட்டுகிறவர்களுக்குத்தான் மாதத்தின் முதல் தேதி தெரியும். ராபின் சிங் போன்ற பெரிய பெயர் உள்ளவருக்கே இரண்டாண்டில் வேலை போயிற்று. பெயர் இல்லாத பையன் எதை நம்பி இறங்குவான்? விளையாட்டு வீரர்களுக்கு அரசாங்க வேலையில் ஒதுக்கீடு உண்டு, நல்லதுதான். ஆனால் கற்றுக் கொடுக்கிறவருக்கு நிலையான இடம் இருந்தால்தான் கற்றுக் கொள்கிறவன் உண்டாவான்.

அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவன் மகன் அல்ல. பதில் சொல்ல வேண்டியது ஊர்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக் கொள்ளும் பழக்கம் ஒழிய வேண்டும். பரீட்சை நெருங்கினால் முதலில் பலியாவது அந்த ஒரு மணி நேரம்தான். பெற்றோர்களே அதை எதிர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தொழிற்சாலை முதலாளிகள் கோப்பைகளும் பரிசுப் பணமும் கொடுக்கிறார்கள். ஒரு நாள் விழாவுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து, ஊருக்கு ஒரு பயிற்சியாளரை 5 ஆண்டுகளுக்காவது சம்பளம் கொடுத்து வைக்கலாம். கோப்பை அலமாரியில் தூங்கும். பயிற்சியாளர் விடியற்காலையில் எழுந்து வருவார்.

மூன்றாவது, பெண் பிள்ளைகளுக்கும் ஒரு நேரம், ஒரு மைதானம், ஒரு பெண் பயிற்சியாளர் வேண்டும். ஷூத் தொழிலையே தூக்கி நிறுத்துகிற தாய்மார்களின் பெண்களுக்கு இதுகூட இல்லை என்றால் அது ஊருக்கு அழகல்ல.

நான்காவது, பயிற்சியாளரை ஒரு பந்தயத்தின் முடிவை வைத்து எடை போடக் கூடாது. "ஜெயித்தாயா?" என்று முதல் ஆண்டில் கேட்காதீர்கள். "போன வருஷம் பந்தைத் தவற விட்ட பையன் இந்த வருஷம் பிடிக்கிறானா?" என்று கேளுங்கள். விதை போட்ட மறுநாளே யாராவது தேங்காய் பறிப்பார்களா?

"பணத்துக்கு எங்கே போவது? தொழிலே தள்ளாடுகிறதே" என்று சொல்பவர்கள் உண்டு. தொழிலில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. அது உண்மை. ஆனால் இது மாளிகை கட்டும் செலவு அல்ல. ஒருவருடைய மாதச் சம்பளம். ஒரு பை நிறையப் பந்து. ஓர் ஊர் சேர்ந்தால் முடியாதா?

ராபின் சிங் சென்னைக்குப் படிக்க வந்தார். இந்த நாடு அவருக்கு இடம் கொடுத்தது. கற்றதை அவர் திருப்பிக் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க்கில் அந்தப் பந்து வானத்தில் இருந்தபோது அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் செய்ய வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே, யாரும் பார்க்காத காலை நேரங்களில் செய்து முடித்திருந்தார்.

பாலாற்று மணலில் இன்று மாலையும் ஒரு பந்து மேலே போகும். கீழே ஒரு பையன் கையை நீட்டிக் கொண்டு ஓடுவான்.

அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவரை அனுப்புவது ஊரின் கடமை. ஊர் அதைச் செய்யுமா?